ஆடறவங்க சொல்றதை வெச்சு கேம் கம்பெனி நடத்தறது எப்படிங்க?

காந்திபுரம்_கியர் கேட்டது:

வணக்கமுங்க. ஆண்ட்ராய்டுக்குத் தனியார் பஸ் ஓட்டற கேம் ஒண்ணு யூனிட்டிங்கற கேம் எஞ்சின்ல பண்ணிட்டிருக்கோம். 9 பேர் டீம், ஆபீஸ் கோயமுத்தூர். ரூட்டு இப்போதைக்கு ரெண்டு: காந்திபுரம்–பொள்ளாச்சி, அப்புறம் பண்ணாரியில இருந்து திம்பம் ஏறி எறங்கறது, 27 கொண்டை ஊசி வளைவோட. க்ளோஸ்டு டெஸ்டிங்ல (எல்லாருக்கும் விடாம, அழைச்சவங்க மட்டும் ஆடிப் பாக்கறது) 400 பேர் பக்கம் ஆடறாங்க. பாதி காலேஜ் பசங்க, மீதி பஸ் பைத்தியங்க.

கேமை மட்டுமில்ல, கம்பெனியையே ஆடறவங்களை நடுவுல வெச்சு நடத்தணும்னு முதலாளி முடிவோட இருக்கார். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா திங்கக்கிழமை காலையில வந்து உக்காந்தா எந்த வேலையை மாத்தறதுன்னு யாருக்கும் தெரியல. இப்ப நடக்கறது இதுதான்: மூணு வாட்ஸப் குரூப்பு, எந்நேரமும் மெசேஜ், சத்தமாப் பேசற ஏழெட்டுப் பேர் கேட்டதெல்லாம் அடுத்த பில்டுல (கேமோட புதுப் பதிப்புல) ஏறிருது. பிரேக்கை மாத்தி மாத்திப் பாத்தாச்சு, இன்னும் "பிரேக் புடிக்கமாட்டேங்குது"ன்னுதான் வருது.

யார் பேச்சை எடுத்துக்கறது, யார் முடிவு பண்றது? பஸ்சுக்குச் சொந்தமா பெயின்ட் டிசைன், ஹார்ன் எல்லாம் போட வழி விடுங்கன்னு கேக்கறாங்க, தொறந்து விடலாமா? 20 ரூபா கட்டி ரேஸு, ஜெயிச்சா 500ன்னு டோர்னமென்ட் வேற கேக்கறாங்க. அனுபவப்பட்டவங்க கொஞ்சம் வெவரமாச் சொல்லுங்க.

---

பீளமேட்டு_பிக்சல்:

முதல்ல அந்த பிரேக்கையே எடுத்துக்கலாங்க. உங்க மொத்தக் கேள்வியும் அதுக்குள்ளயே இருக்கு.

"பிரேக் புடிக்கமாட்டேங்குது"ங்கறது பெரும்பாலும் ஒரே புகாரா இருக்காது. மூணு வேற வேற கோளாறு ஒரே வாக்கியத்துல வரும்.

ஒண்ணு, விலை கம்மியான போன். பிரேக் விசையை ஆட்ஃபோர்ஸ்ங்கற கட்டளை வழியா அப்டேட் ஃபங்ஷன்ல எழுதியிருந்தீங்கன்னா அது ஃபிரேமுக்கு (திரையில ஒரு படம் மாறறதுக்கு) ஒரு தடவை சேரும். ஃபிசிக்ஸ் ஓடறதோ ஃபிக்ஸ்டுஅப்டேட்ங்கற வேற ஃபங்ஷன்ல, அதுக்கு யூனிட்டி தானா வெச்சிருக்கற இடைவெளி 0.02 செகண்டு. ஆக, செகண்டுக்கு 60 ஃபிரேம் ஓடற போன்ல கெடைக்கற விசையில மூணுல ஒரு பங்குதான் 20 ஃபிரேம் ஓடற போன்ல கெடைக்கும். அந்தப் பையனுக்கு நெசமாவே பிரேக் இல்லீங்க. விசையைப் போடற வரியை ஃபிக்ஸ்டுஅப்டேட்டுக்கு மாத்துங்க, பட்டன் அமுத்தியிருக்கா இல்லையாங்கறதை மட்டும் அப்டேட்ல படிங்க.

ரெண்டு, பெரிய ஸ்கிரீன். பிரேக் பட்டன் கட்டைவிரலுக்கு எட்டாது. அமுத்தறோம்னு நெனச்சு ஓரத்தைத் தொட்டுட்டிருப்பாங்க.

மூணு, திம்பத்துல எறங்கறப்ப ஆட்டோ கியர் மேல மேல ஏத்திட்டே போனா எஞ்சின் இழுத்துப் புடிக்காது. மலையில எறங்கற டிரைவர் கியரைக் கொறைச்சுத்தான் எறக்குவார், பிரேக்கை மட்டும் நம்ப மாட்டார். பஸ் தெரிஞ்ச ஆளுக்கு அது ஒடனே உறுத்தும்.

மூணு பேரும் கேக்கறது ஒண்ணேதான்: "பிரேக் பவரைக் கூட்டுங்க." கூட்டுனா நல்ல போன் வெச்சிருக்கறவனுக்குப் பஸ் ஆணி அடிச்சாப்பல நிக்கும், அவன் வந்து "கெடுத்துட்டீங்க"ம்பான். எங்க வலிக்குதுன்னு ஆடறவங்களுக்குத் தெரியும். எதனாலன்னு கண்டுபுடிக்கறதுக்குத்தான் உங்களுக்குச் சம்பளம்.

அதனால ஒரு ஷீட்டு போடுங்க, பத்துக் கட்டம் போதும்: தேதி, எங்கிருந்து வந்துச்சு, அவங்க சொன்ன வார்த்தை, போன் மாடல், பில்டு நம்பர், எத்தனை மணி நேரம் ஆடியிருக்காங்க, இதே கோளாறு வேற எத்தனை பேருக்கு, நம்ம முடிவு, காரணம், எந்த பில்டுல போச்சு. சொன்ன வார்த்தையை அப்படியே எழுதணும். "பிரேக்கிங் மேம்பாடு தேவை"ன்னு யாராச்சும் அழகு பண்ணிட்டா அந்த வரி செத்துச்சு, அதுல இருந்து எதையும் தோண்டி எடுக்க முடியாது. ஒரே ஆள் இருபது தடவை சொன்னாலும் கணக்குல ஒண்ணுதான். உங்க ஏழெட்டுப் பேர் பிரச்சினை இதுலயே பாதி தீந்துரும்.

வாரம் ஒரு நாள், 45 நிமிஷம், அந்த ஷீட்டை மட்டும் வெச்சு உக்காருங்க. புரோகிராமர் ஒருத்தர், டிசைனர் ஒருத்தர், குரூப்பைப் பாத்துக்கறவர் ஒருத்தர். முதலாளி வரட்டும், ஆனா கடைசியாப் பேசட்டும். அவர் முதல்ல சொல்லிட்டா மத்தவங்க தலையாட்டறதோட சரி, நம்மூர்க் கம்பெனிங்க லட்சணம் உங்களுக்குத் தெரியாததில்ல. ஒவ்வொரு வரிக்கும் நாலுல ஒரு முடிவு: செய்யறோம், அப்புறம், செய்யமாட்டோம், இன்னும் புரியல. முடிவை வெள்ளிக்கிழமை எல்லாருக்கும் போடுங்க. "செய்யமாட்டோம்"கறதைக் காரணத்தோட போடறதுதான் முக்கியம். கேட்டது கெடைக்காதவன் கூட இருப்பான், கேட்டதுக்குப் பதிலே வராதவன் போயிருவான். செக் நாட்டு ஃபேக்டோரியோ கேம் டீம் 2013ல இருந்து பல வருஷம் வெள்ளிக்கிழமை தோறும் எழுதிட்டிருந்தாங்க, உள்ள புரோகிராம் கோடு எப்படி மாறுது, ஏன் மாறுதுங்கற வரைக்கும். படிச்சுப் பாருங்க, மார்க்கெட்டிங் வாடையே இருக்காது.

குரூப்ல வராத விஷயத்துக்கு நேர்ல ஆட வெச்சுப் பாக்கணும். திருப்பூர்ல ஃபிட் சாம்பிள் ஓகே ஆகாம பல்க் கட்டிங் போடுவாங்களா? அதே மாதிரி, புது ரூட்டு முழுசா கட்டறதுக்கு முன்னாடி ரெண்டு கிலோமீட்டரை மட்டும் சாம்பல் கலர் டப்பாக்களா வெச்சு 5 பேர்கிட்டக் குடுங்க. 5 பேர் போதுங்கறது பயன்பாட்டு ஆய்வாளர் யாக்கோப் நீல்சன் கணக்கு. அத்தனை பேர்லயே பெரும்பாலான கோளாறு தெரிஞ்சுரும், ஆறாவது ஆளுக்குச் செலவு பண்றதை விட திருத்திட்டு மறுபடி 5 பேரைக் கூப்பிடறது லாபம். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 கேமோட டுடோரியலுக்கு (ஆடக் கத்துக் குடுக்கற பகுதிக்கு) மைக்ரோசாஃப்ட் இன்னும் வேகமாப் பண்ணுச்சு: ஒரு ஆள் தடுக்கி விழுந்த எடம் காரணத்தோட தெளிவாத் தெரிஞ்சா அடுத்த ஆள் வர்றதுக்குள்ள மாத்திடறது.

ஆட வெக்கறப்ப நீங்க பேசக் கூடாது. 3 ஜிபி ராம் போன் ஒண்ணு கட்டாயம் இருக்கணும். ஸ்கிரீனோட கை விரலும் தெரியற மாதிரி வீடியோ எடுங்க, மேல சொன்ன பட்டன் விஷயம் அதுலதான் மாட்டும். "புடிச்சுதா, காசு குடுத்து வாங்குவீங்களா"ன்னு கேக்காதீங்க, மூஞ்சிக்கு நேரா வேண்டாம்னு சொல்ற வழக்கம் நம்ம பக்கம் இல்ல. "இப்ப என்ன பண்ணப் பாக்கறீங்க?" இது ஒண்ணு போதும். சொந்தக்காரப் பசங்களைக் கூப்பிடாதீங்க.

ஓட்டு எடுக்கறதைப் பத்தியும் ஒரு வார்த்தை. ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப்ங்கற ஆன்லைன் கேம் 2013ல வந்தப்பவே புது அம்சம் எதுவா இருந்தாலும் ஆடறவங்க ஓட்டுல 75 சதவீதம் தேறணும்னு வெச்சாங்க, பின்னாடி 70 ஆக்குனாங்க. ஆனா பக் திருத்தறதையும் ஆட்டத்தோட நேர்மையைக் காப்பாத்தற மாற்றத்தையும் ஓட்டுக்கு விடறதில்ல. அடுத்த ரூட்டு சத்தியமங்கலமா தாராபுரமான்னு நீங்களும் ஓட்டுக்கு விடலாம். பிரேக்கை விடாதீங்க.

---

கொடிவேரி:

பிக்சல் அண்ணா சொன்ன ஷீட்டு வாட்ஸப்பை வெச்சு நெறையாதுங்க. அங்க ராத்திரி வந்த பக் ரிப்போர்ட் காலையில 300 மெசேஜுக்கு அடியில போயிரும். அதைவிடப் பெரிய கோளாறு, குரூப்ல எல்லார் நம்பரும் எல்லாருக்கும் தெரியும். ஸ்கூல் பசங்க, பொண்ணுங்க இருக்கற எடத்துல அது கூடவே கூடாது.

அறிவிப்புக்கு வாட்ஸப் சேனல் வெச்சுக்கங்க, அது ஒருவழி, சேந்தவங்க ஒருத்தர் நம்பரை ஒருத்தர் பாக்க முடியாது. பேச்சுக்கு டிஸ்கார்டுங்கற அரட்டை ஆப். புகாருக்குக் கேமுக்குள்ளயே ஒரு பட்டன்: அமுத்துனா போன் மாடல், பில்டு, ஃபிரேம் ரேட், எந்த வளைவுல நிக்கறாங்க, கடைசி 30 செகண்டு லாக் எல்லாம் தானா ஒட்டிட்டு வரணும். அவங்க டைப் பண்ண வேண்டியது ஒரு வரி. குரல்ல சொல்லவும் வழி விடுங்க, தமிழ்ல டைப் பண்ணச் சோம்பல்பட்டே பாதிப் பேர் சொல்லாம விட்டுருவாங்க.

டிஸ்கார்டுல எடுத்ததும் பதினஞ்சு சேனல் தொறக்காதீங்க, காலி வீடு மாதிரி இருக்கும். அறிவிப்பு, பொதுப்பேச்சு, கோளாறு, யோசனை, அவங்க எடுத்த ஸ்கிரீன்ஷாட், இந்த அஞ்சு போதும். கோளாறும் யோசனையும் ஃபோரம் சேனலா இருக்கட்டும்; ஒரு விஷயத்துக்கு ஒரு பதிவு, அதுல "செய்யறோம்", "செய்யமாட்டோம்"னு டேக் போட்டுட்டா ஷீட்டும் அதுவும் ஒத்துப் போகும்.

டிஸ்கார்டுல கெட்ட வார்த்தையைத் தானா தடுக்கற ஆட்டோமாடை நம்பி இருக்க முடியாது. இங்கிலீஷ் எழுத்துல அடிக்கற தமிழ்க் கெட்ட வார்த்தைக்கு ஒண்ணொண்ணுக்கும் ஏழெட்டு ஸ்பெல்லிங் இருக்கு. பட்டியலை நீங்களே கட்டி மாசா மாசம் சேக்கணும். மாடரேட்டரா இருக்க ஆர்வமாப் பசங்க வருவாங்க. 18 வயசு ஆகாதவங்களைப் போடாதீங்க. ஒரே ஊர், ஒரே காலேஜ் கூட்டமாவும் போடாதீங்க, கூட்டாளியோட தப்பு அவங்க கண்ணுக்குத் தெரியாது. ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா மாத்தி விடுங்க. திட்டு வாங்கற வேலையைக் கம்பெனி ஆள் செய்யட்டும். சம்பளமில்லாத பையன் மேல அதை ஏத்துனா அவனும் போவான், போறப்ப அவன் செட்டையும் கூட்டிட்டுப் போவான்.

இதுக்குன்னே ஒரு முழுநேர ஆள் வேணும். 9 பேர்ல எட்டுப் பேர் கேம் கட்டுனாப் போதும், ஒருத்தர் கேக்கட்டும். அவருக்கு அந்த வார மீட்டிங்ல "இந்த பில்டு இப்பப் போகக் கூடாது"ன்னு நிறுத்தற அதிகாரம் இருக்கணும். இல்லீன்னா அவர் வெறும் சமாதானம் சொல்ற ஆள்தான்.

---

நொய்யல்கரை:

மேலே ரெண்டு பேரும் சொன்னது சரி. ஆனால் பேசுபவர்களை மட்டும் கேட்டு முடிவெடுக்காதீர்கள். கேமை அழித்துவிட்டுப் போனவர் குரூப்பில் வந்து காரணம் சொல்ல மாட்டார்.

பத்துப் பன்னிரண்டு நிகழ்வுகளை மட்டும் பதிவு செய்யுங்கள்: முதல் திறப்பு, டிப்போவிலிருந்து கிளம்பியது, முதல் ஸ்டாப், முதல் மோதல், ரூட் முடிந்தது, பாதியில் வெளியேறியது, எங்கே வெளியேறினார் என்பது. இருநூறு நிகழ்வுகளைப் பதிந்தால் ஒன்றையும் யாரும் பார்க்கப் போவதில்லை. குரூப் முழுக்க இரவு வெளிச்சத்தைப் பற்றிச் சண்டை நடந்துகொண்டிருக்கும். இங்கே பார்த்தால் புதிதாக வந்தவர்களில் பெரும்பகுதி முதல் ஸ்டாப்பில் கதவு திறக்கும் பட்டன் தெரியாமல் போயிருப்பார்கள். இரண்டும் உண்மைதான், முதலில் கதவைச் சரிசெய்யுங்கள்.

வெளியிட்ட பிறகு, கேமின் கோளாறுக் கணக்கைக் காட்டும் கூகுள் பிளே வைட்டல்ஸைத் தினமும் பாருங்கள். பயனர் உணரும் கிராஷ் 1.09 சதவீதத்தையும், உறைந்து நிற்கும் ஏஎன்ஆர் 0.47 சதவீதத்தையும் தாண்டினால் பிளே ஸ்டோரில் உங்கள் கேம் கண்ணில் படுவது குறையும். ஒரே மாடல் போனில் 8 சதவீதம் தாண்டினால் அந்த மாடல்காரர்களுக்கு எச்சரிக்கையே காட்டப்படலாம். அப்டேட்டை 5, 20, 50, 100 சதவீதம் பேருக்கு என்று படிப்படியாக விடுங்கள். இடையில் நிறுத்தினால் புதிதாகப் போவதுதான் நிற்கும், ஏற்கெனவே வாங்கியவர்களிடம் பழுதான பில்டு அப்படியே இருக்கும். அவர்களுக்கு வெர்ஷன் கோடு (பதிப்பு எண்) கூட்டிய புது பில்டு போக வேண்டும். அதைத் தயாராக வைத்துக்கொண்டு வெளியிடுங்கள், வெள்ளிக்கிழமை மாலையில் வெளியிடாதீர்கள்.

க்ளோஸ்டு டெஸ்டிங்கில் வரும் கருத்து உங்களுக்கு மட்டும்தான் தெரியும், ரேட்டிங்கில் சேராது. திட்டு வாங்க இதைவிட மலிவான நேரம் கிடைக்காது, அவசரப்பட்டு வெளியே வராதீர்கள்.

---

சங்ககிரி_லாரி:

பெயின்ட் டிசைன் விஷயத்துக்கு வர்றேன். தொறந்து விடுங்க, தயங்காதீங்க. பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியாங்கற கேம் 2017ல வந்தது, நம்மூர் ரோடே அதுல இல்ல. அப்படியும் தமிழ்நாட்டுப் பசங்களும் கேரளாப் பசங்களும் அதுல இத்தனை வருஷமா ஒக்காந்திருக்கறதுக்குக் காரணம், தங்கூர் பஸ்ஸோட லிவரியை (பெயின்ட் டிசைனை) தானே வரைஞ்சு மாட்டலாம்கறதுதான். ஸ்டுடியோக்காரங்க ஆயுசுக்கும் வரைஞ்சாலும் அத்தனை பஸ் வரைய முடியாது.

ஆனா எதைத் தொறக்கறோம்னு வரையறை வேணும். படம், மாடல், நம்பர் ஃபைல் மூணு மட்டும்: எடை, கியர் விகிதம், நீளம் மாதிரி. புரோகிராம் கோடு வேண்டாம். வெளிய இருந்து ஓடற கோடு எறக்கறதுக்கு பிளே ஸ்டோர் விதியே குறுக்க நிக்கும், தப்பா ஏதாச்சும் போனா பழியும் உங்க மேலதான்.

இப்ப போன் படுத்துக்கற எடம் ஒண்ணு இருக்கு. பையன் 2048க்கு 2048 பிஎன்ஜி ஏத்துவான், ஃபைல் பாத்தா 2 எம்பிதான் இருக்கும். ஓடறப்ப அதை யூனிட்டியோட லோட்இமேஜ் ஃபங்ஷன் வழியாத் தொறந்தா சுருக்கமே இல்லாம மெமரியில 16 எம்பி, மிப்மேப்பும் (தூரத்துல தெரியறப்ப காட்டற சின்ன நகல்கள்) சேந்தா 21க்கு மேல. பஸ் ஸ்டாண்டுல அப்படிப் பத்துப் பஸ் நின்னா 200 எம்பி தாண்டும், 3 ஜிபி போன்ல ஆண்ட்ராய்டே கேமைக் கொன்னுரும். கிராஷ் உங்க கணக்குலதான் ஏறும். அதனால ஏத்தற படத்தைச் சர்வர்ல ஏஎஸ்டிசி 6க்கு6ங்கற சுருக்கின வடிவத்துக்கு மாத்தி வெச்சுக்கங்க, அதே படம் 2 எம்பிக்குள்ள அடங்கும். ஏஎஸ்டிசி எடுக்காத பழைய போனுக்கு ஈடிசி2ங்கற இன்னொரு வடிவம். பக்கத்துல ஓடற மத்தவங்க பஸ்சுக்கு 1024 போதும்.

அடுத்தது உள்ளடக்கம். லிவரின்னு தொறந்தா முதல் வாரமே சாதிப் பேர், கட்சிக் கொடி, நடிகர் படம், நெசமான டிராவல்ஸ் லோகோ எல்லாம் வந்து நிக்கும். சாதிப் பேருல நெளிவு சுளிவு வேண்டாம், விதியில முதல் வரியா "கெடையாது"ன்னு எழுதிருங்க. எந்தச் சாதியா இருந்தாலும், குறியீடா இருந்தாலும். ஒண்ணுக்கு விட்டீங்கன்னா அன்னிக்கு ராத்திரியே பத்து வரும், பொறவு கமெண்ட்ல கலவரந்தான். டிராவல்ஸ் பேருக்கு ஓனர்கிட்ட எழுத்துல சம்மதம் வாங்குங்க, கேட்டா பல பேர் சந்தோஷமாவே குடுப்பாங்க, அவங்களுக்கு ஓசி விளம்பரம். ஹார்ன்ல சினிமாப் பாட்டு மெட்டு கூடாது, பஸ்சுக்குள்ள பாட்டும் அப்படித்தான். ஆடறவர் தன் போன்ல இருக்கற பாட்டைத் தானே போட்டுக் கேக்கற வழி மட்டும் விடுங்க.

புகார் பண்ற பட்டன், ஆளைத் தடுக்கற பட்டன், ஏத்தறதுக்கு முன்னாடி விதியை ஒத்துக்கற பக்கம், இதெல்லாம் பிளே ஸ்டோரே கேக்கும். இல்லாம தொறந்தா கேமே போயிரும்.

---

காந்திபுரம்_கியர்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. பிரேக் கோடு நெசமாவே அப்டேட்லதான் கெடந்துச்சு, மாத்தியாச்சு. கொடிவேரி அக்கா சொன்ன மாதிரி குரூப்பை மூடப் போறோம்.

காசு விஷயம் பாக்கி இருக்குங்க. டோர்னமென்ட்டு? அப்புறம் பசங்க வரைஞ்ச லிவரியைக் கேமுக்குள்ள வித்தா அவங்களுக்கு எவ்வளவு குடுக்கறது? முதலாளி 20 சதவீதம்னு சொல்றார்.

---

ஈரோட்டு_வரவுசெலவு:

டோர்னமென்ட்டை மறந்துருங்க தம்பி. காசு கட்டி ஆடி காசு ஜெயிக்கற ஆன்லைன் ஆட்டத்தை 2025 ஆகஸ்ட்ல வந்த மத்தியச் சட்டம் மொத்தமாத் தடை பண்ணிருச்சு. இது தெறமை ஆட்டம், அதிர்ஷ்ட ஆட்டம் இல்லைங்கற வாதம் அங்க எடுபடாது. கட்டணமில்லாம ரேஸ் வெச்சு, ஜெயிச்சவர் பேரை டிப்போ போர்டுல ஒரு மாசம் போடுங்க, ஒரு அபூர்வ லிவரி குடுங்க. அதுக்கு மேல பணப் பரிசுன்னு யோசிச்சா முதல்ல வக்கீலைப் பாருங்க.

20 சதவீதம் வேண்டாம். 2015 ஏப்ரல்ல ஸ்டீம்ங்கற ஆன்லைன் கேம் கடையில ஸ்கைரிம் கேமோட மாட்களை (ஆடறவங்களே செஞ்ச கூடுதல் அம்சங்களை) காசுக்கு வித்தப்ப செஞ்சவனுக்கு 25 சதவீதம்னு வெச்சாங்க. நாலே நாள்ல ஸ்டீம் அதை எடுத்துட்டு காசைத் திருப்பிக் குடுக்க வேண்டியதாப் போச்சு. பங்கு மட்டும் காரணமில்ல, அது வரைக்கும் ஓசியாப் பகிர்ந்துட்டிருந்த எடத்துல சொல்லாம கொள்ளாம கல்லாப் பெட்டி வெச்சதுதான் பெரிய காரணம். அதனால ஓசி லிவரி எப்பவும் ஓசியாவே இருக்கணும், காசுக்கு வர்றது தனி அலமாரியில இருக்கணும். ஜிஎஸ்டியும் கூகுள் கமிஷனும் போக நிக்கறதுல பாதி வரைஞ்சவனுக்குன்னு வெச்சா சண்டை வராது. கமிஷன் வருஷத்துக்கு முதல் 10 லட்சம் டாலர் வரைக்கும் 15 சதவீதம்.

வரைஞ்சவன் பக்கத்துல எத்தனை வித்துச்சு, எவ்வளவு கழிச்சது, கைக்கு எவ்வளவுன்னு அவனே பாத்துக்கற மாதிரி வெச்சுருங்க. 500 ரூபா சேந்ததும் அடுத்த மாசம் பத்தாந்தேதி அனுப்பறதுன்னு நாள் குறிச்சுக்கங்க. டிடிஎஸ் எப்படிப் புடிக்கறதுன்னு ஆடிட்டர் சொல்லுவார், பான் நம்பர் முதல்லயே வாங்கிருங்க.

வரையறதுல பாதிப் பேர் ப்ளஸ் டூ பசங்களா இருப்பாங்க. 18 ஆகாதவன் போட்ட ஒப்பந்தம் செல்லாது, அப்பா அம்மா கையெழுத்து வேணும். நொய்யல்கரை சொன்ன பதிவுகளுக்கும் இதே கதை: டிஜிட்டல் தனிநபர் தரவுச் சட்டம் 2023ன்படி 18க்குக் கீழ இருந்தா பெற்றோர் சம்மதம், அவங்க நடத்தையைத் தொடர்ந்து பாக்கறதும் குறிவெச்ச விளம்பரமும் கூடாது. விதிகள் 2025 நவம்பர்ல வந்துருச்சு, பெரும்பாலான கடமைகளுக்கு 18 மாசம் அவகாசம். வயசு கேக்கற பக்கத்தை இப்பவே கட்டிருங்க.

முதலாளிகிட்ட இன்னொண்ணும் சொல்லுங்க. பங்கு எவ்வளவுன்னு எழுதிட்டா அது ஏற்கெனவே ஏத்துன லிவரிக்கு மாறக் கூடாது, மாத்துனா புதுசா ஏத்தறதுக்கு மட்டும், அதுவும் மூணு மாசம் முன்னாடி சொல்லிட்டு. 2023 செப்டம்பர்ல யூனிட்டி இன்ஸ்டாலுக்குக் காசுன்னு சொன்னப்ப, ஏற்கெனவே வெளியான கேமுக்கும் அது பொருந்தும்னதுலதான் எல்லாரும் கொதிச்சாங்க. ஒரு வருஷம் கழிச்சு அதை மொத்தமா எடுத்தாங்க, அதுக்குள்ள எத்தனை பேர் கோடாட்டுங்கற வேற கேம் எஞ்சினுக்குத் தாவப் பாத்தாங்கன்னு இங்க எல்லாருக்கும் தெரியும். அந்த ஒப்பந்த வரியை எழுதி முடிச்சதும் லிவரி வரையற பசங்க நாலு பேர்கிட்டக் குடுத்துப் படிக்கச் சொல்லுங்க. புரியலீன்னு சொன்ன எடத்தைத் திருத்திட்டு அப்புறம் கடையைத் தொறங்க.